நான்கு சொட்டு

விடிய ஒரு நாழிகை இருக்கும்போதே
விருதம்பட்டுக்காரிகள் மணலில் இறங்கிவிடுவார்கள்.
பேர்தான் பாலாறு.
சித்திரையில் அதில் வருகிற பாலெல்லாம்
இவர்கள் தலைமேல் வருவதுதான்.

வேலூர்க் கரையில் நான்,
முனிசிபல் சானிட்டரி இன்ஸ்பெக்டர்.
சைக்கிள், காக்கி நிஜார்,
பஞ்சு வைத்த பெட்டியில் லாக்டாமீட்டர்,
அரக்கும் மெழுகுவத்தியும் மூன்று சீசாவும் சுமக்க
பில்லைச் சேவகன் ஏகாம்பரம்.

தேசம்மாவின் தவலையில் இறக்கினேன்.
கிணற்றில் கால் தவறியவன்போல்
கழுத்துமட்டும் முழுகி நின்றது.
இருபத்திரண்டு.

"தண்ணி ஊத்துனேன், இல்லேன்னல," என்றாள்.
"ஆனா தோல் ஷெட்டாண்ட மொண்டது இல்ல சாமி.
நடு ஆத்துல ஊத்துத் தோண்டி
கலங்கல எறைச்சிக் கொட்டி
தெளிஞ்சப்புறம் மொண்டது.
வோணும்னா ஒரு வாய் குடிச்சிப் பாரு."

எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும் என் கண்ணாடி.
எந்தத் தண்ணீர் என்று அதற்குத் தெரியாது.
கொசப்பேட்டையில் அந்த மாதம் வாந்திபேதி;
ஒன்பது கதவில் நானே சுண்ணாம்புக் குறி போட்டிருந்தேன்.
குடிக்கவில்லை.

அபராதம் ஐந்து ரூபாய் என்று எழுதினேன்.
கொட்டச் சொன்னேன்.
கொட்டினாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.
மணல் மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் வந்தது
காண்டிராக்டர் வரதராஜுலுவின் வண்டி.
ஆஸ்பத்திரிக்குப் போகிற கேன் நான்கு.
அதில் லாக்டாமீட்டர்
தலை நிமிர்ந்து, துரை மாதிரி மிதந்தது.
இருபத்தொன்பது.

அகப்பையை அடிவரை விட்டுத் துழாவினேன்.
விரலிடுக்கில் வழவழவென்று
கூவைக்கிழங்கு மாவு.

சட்டைப்பையில் அயோடின் இருந்தது.
ஒரு சொட்டு விட்டால் நீலமாகும்,
அவ்வளவுதான் வேலை.
வரதராஜுலுவின் மைத்துனர் கவுன்சிலர்.
என்னை நிரந்தரமாக்கும் காகிதம்
இன்னும் யாருடைய மேஜையிலோ.
ஏகாம்பரம் என்னைப் பார்த்தான்.
நான் மாட்டைப் பார்த்தேன். நல்ல மாடு.
"சரி, ஓட்டு," என்றேன்.

திரும்புகையில் மணல் சறுக்கி
சைக்கிளோடு விழுந்தேன்.
முழங்காலில் ஓரணா அகலம் தோல் இல்லை.
"பையில மருந்து கீதே சார்,"
என்றான் ஏகாம்பரம், வேறெங்கோ பார்த்தபடி.

தடவிய எரிச்சல் கச்சேரி மணி ஏழடிக்கும்வரை இருந்தது.

அன்றைய டயரி:
சோதித்தவை பதினொன்று.
குற்றம் ஒன்று.
அயோடின் செலவு, நான்கு சொட்டு.