கங்கு காவல்

பகாவில் மூன்று நாளாய் மழை.
குலை சரிந்து தொடையில் விழுந்ததில்
சதை கிழிந்து நான் வீட்டில்.
சுவரில் சாய்த்த அரிவாளில் துரு.

தவமலர் வந்தாள், காரின் பின்சீட்டு நிறைய டப்பா.
"உள்ளுக்கும் துருப்பிடிக்கும் அண்ணே.
நூற்றெண்பது வெள்ளி. சம்பளத்துக்குக் கொடுங்க."
நாலு மாத்திரை முழுங்கினேன்.

கட்டை அவிழ்த்தபடி
மிஸ்ஸி நோர்லேலா மலாயில் சொன்னாள்:
மூச்சில் இழுக்கும் காற்றுதான்
கிழிந்த இடத்தில் தீயாகிறது.
முதலில் ஓடிவரும் வெள்ளணுக்கள்
அதை வைத்துத்தான் செத்த நாரைக் கொளுத்தும்.
அந்தச் சூடு பட்டால்தான்
நாரோரம் ஒட்டித் தூங்கும் விதைச்செல்
கண் திறக்கும்.

அடங்காவிட்டால்?

புது நாரும் கருகும்,
சதை இருந்த இடத்தில் தழும்பு.
அதற்குத்தான் ஒவ்வொரு செல்லிலும்
வாளியோடு ஆள் நிற்கிறது.
வெளியிலிருந்து நீ வெள்ளத்தைத் திறந்துவிட்டால்
விதை ஏன் விழிக்கும்?

எனக்குப் புரிந்தது.
மறுநடவுக்குப் பழைய மரங்களைக் கொளுத்திய வருஷம்
எல்லையில் விடிய விடிய நின்றவன் நான்.
அணைக்க இல்லை.
தாண்டாமல் பார்க்க.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
தவமலர் அங்கேயே கொட்டி எண்ணினாள்.
"நாலு குறையுது."
அவளுக்கும் மேலே யாரோ
கணக்குக் கேட்கிறார்கள் போல.
பன்னிரண்டு வெள்ளி தந்தேன்.

இரும்புக்குள் ஆள் கிடையாது;
அரிவாளுக்கு மட்டும் எண்ணெய் தடவினேன்.

ராத்திரி தொடை கொதிக்கிறது.
மேலே கை வைத்துப் படுத்திருக்கிறேன்.
எரி.
பார்த்து எரி.