தகரக் கணக்கு

எல்.ஐ.சி. கொடுத்த டைரியில்
நான்கு வரி எழுதி வைத்திருந்தேன்.
காடாம்புலியூரில் மூன்று ஏக்கர் முந்திரி.
அதன் வரப்போரம் இருபத்திரண்டு பலா.
கூத்தப்பாக்கத்தில் வாடகைக்கு விட்ட கொட்டகை.
தேவனாம்பட்டினத்து அஞ்சாபுலியின் விசைப்படகில்
எட்டில் ஒரு பங்கு.

முந்திரிப் பூ கருகினால் பலா கைகொடுக்கும்.
பலா விலை விழுந்தால் மீன் ஏறும்.
தடைக்காலத்தில் படகு சும்மா கிடந்தாலும்
ஐந்தாம் தேதி வாடகை வந்துவிடும்.
பிரித்துப் போட்டவன் நான் என்று
கல்யாணப் பந்திகளில் சொல்லிக்கொண்டிருந்தேன்,
பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் கை நீட்டும் வரை.

தையல்நாயகிதான் ஒருநாள்
டைரியைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:
"நாலும் ஒரே பஸ் டிக்கெட்டுக்குள்ள இருக்கே?"

சிரித்தேன்.

டிசம்பர் முப்பது விடிகாலை
தானே புயல் அந்தப் பக்கத்தைப்
படித்துவிட்டு வந்ததுபோல் வந்தது,
கீழிருந்து மேலாக.
உப்பனாற்றில் கட்டியிருந்த படகு
பக்கத்துப் படகின்மேல் ஏறிப் படுத்தது.
கொட்டகைக் கூரை எந்தத் தெருவில் இறங்கியதென்று
கடைசிவரை தெரியவில்லை.
பலா வேரோடு.
முந்திரி மரங்கள் எல்லாம்
ஒரே பக்கம் தலைவைத்துக் கிடந்தன.

எனக்குத்தான் நான்கு வரி.
காற்றுக்கு ஒன்றே.

டைரியின் பின்னட்டையில்
'வராது' என்று எழுதி அடித்த பெயர் ஒன்று உண்டு.
விழுப்புரம் ஞானமூர்த்தி, தகர ஷீட் கடை,
என் பங்கு ஐம்பதாயிரம்.
ஆறு வருடத்தில் அங்கிருந்து வந்தது
ஆயுத பூஜைப் பொரியும் மாதக் காலண்டரும்.

பொங்கலுக்கு முன்பு போன் செய்தான்.
"லாரி வந்து நிக்கறதுக்குள்ள காலியாவுதுண்ணே.
உங்க பங்கு பணமாவா, தகரமாவா?"

தகரமாகவே வாங்கினேன்.
கொட்டகைக்குப் போக மிஞ்சியது
எங்கள் பின்கட்டுக்குச் சரியாக இருந்தது.

எதிர்வீட்டுக் கோதண்டபாணி
அதே கடையின் பில்லைக் காட்டினார்.
விலை இரட்டிப்பு.
"நேரம் பார்த்து அடிக்கறானுங்க, பார்த்தீங்களா."
தலையாட்டினேன்.
பில்லை மடித்துக் கொடுத்தபோது
விரலில் ஒட்டியிருந்த கார்பன் மை
சாயங்காலம் வரை போகவில்லை.

முந்திரிக் கன்று வைத்திருக்கிறேன்.
காய்க்க வருடங்கள் இருக்கின்றன.
இந்த வருட டைரியில்
என்ன வைத்திருக்கிறேன் என்று எழுதவில்லை.
எது வந்தால் போகும் என்று எழுதுகிறேன்.
கன்றுக்கு நேரே: காற்று.
படகுக்கு நேரே: காற்று, டீசல், அஞ்சாபுலியின் மச்சான்.
தபால் ஆபீஸ் வைப்புக்கு நேரே: விலைவாசி.
சென்னையில் யாரோ பார்த்துக்கொள்ளும் மியூச்சுவல் ஃபண்டுக்கு நேரே
ஒரு கேள்விக்குறி.

ஞானமூர்த்தி கடைக்கு நேரே
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுதினேன்,
தையல்நாயகிக்குப் புரியாதபடி சின்ன எழுத்தில்:
ஊர் நன்றாக இருந்தால்.