அரைக்கால்

நாலில் ஒன்று கால் என்று
டீச்சர் வட்டம் போட்ட அன்று சாயங்காலம்
ஆற்காடு பஸ் ஸ்டாண்டில்
எங்கள் நாலு பேருக்கும் ஒரே மக்கன் பேடா.

ஷமீலா ஸ்கேலால் வெட்டினாள்.
குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று.
முழங்கை வரை வழிந்த ஜீராவை
யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கோடு நேர்தான். துண்டும் சமம்தான்.
உள்ளே ஒளிந்திருந்த முந்திரி மட்டும்
முழுசாகப் பூவரசன் பக்கம் போய்விட்டது.

"இது கால் இல்லடா" என்றான் கமலக்கண்ணன்.
"கால்தான். டீச்சர் சொன்ன கால்."
"டீச்சர் போட்ட வட்டத்துல முந்திரி ஏது?"

வேலூர் வண்டி வந்தது, போனது.
யாரும் வாயில் வைக்கவில்லை.
ஈ ஒன்று நாலிலும் உட்கார்ந்து பார்த்தது.

அப்போதுதான் நழுவும் நிக்கரைப் பிடித்தபடி
ஓடிவந்தான் ஷமீலாவின் தம்பி,
இன்னும் பள்ளியில் சேராதவன்.
அவள் தன் காலைப் பாதியாக்கி
அவன் வாயில் திணித்தாள்.

கால்ல பாதி.
அதை டீச்சர் இன்னும் நடத்தவில்லை.
"அரை... கால்" என்று இழுத்த கமலக்கண்ணன்
அவன் சட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.
அரைக்கால் சட்டை!

சிரிப்போடு சிரிப்பாக
முந்திரியைப் பல்லால் உடைத்தான் பூவரசன்.
நாலாகவா ஐந்தாகவா,
சமமாகவா என்று
நான் பார்க்கவில்லை.