நாலு சனிக்கிழமை

நாகலூர் எஸ்டேட்டில்
காப்பிப் பழம் நிறுக்கும் மேடைத் தராசு என் பொறுப்பு.
போன தை மாதம்
தோல் குவியலின் சூட்டில் ஒண்டிக்கிடந்ததை
சும்மா தூக்கி வைத்துப் பார்த்தேன்.
ஒரு கிலோ எண்ணூறு.
நான் எழுதி நிமிர்வதற்குள்
பாவாயியின் எடைச் சீட்டைத் தின்றுவிட்டிருந்தது.
பெயர் அப்படி வந்ததுதான்: சீட்டு.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும்
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி.
மூன்று. மூன்று எழுநூறு. நாலரை.
ஆடி மழையில் ஒரு வாரம் காய்ச்சல்,
முந்நூறு கிராம் இறங்கிப்போனது.
அந்த ஒரு எண்ணை மட்டும்
சிவப்பு மசியில் எழுதியிருக்கிறேன்.

குட்டிப் படம் போட்ட தீவனப் பை
சேலத்திலிருந்து வர வேண்டும்.
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிடத்தி
இருபது வளைவும் ஏற்றிக் கொண்டுவருவார்
கண்டக்டர் அர்த்தநாரி.
மார்கழியில் அவரே கேட்டார்:
"இன்னும் குட்டிப் பைதானுங்களா?
கன்னுக்குட்டியாட்டம் நிக்குதே!"

சர்ச் திருப்பத்தில்தான் சிக்னல் கிடைக்கும்.
அங்கே நின்று அஸ்தம்பட்டி டாக்டர் ஹேமாவதியைக் கூப்பிட்டேன்.
"என்ன ஜாதி?"
"தாய் ஒண்டிக்கடை நாய்ங்க.
தகப்பன் யாருன்னு மலைக்கே தெரியாது."
சிரித்தார்.
சின்ன உருவமென்றால் பத்து மாதத்தில் மாற்றலாமாம்,
லேப்ரடார் மாதிரி பெரிசு கலந்திருந்தால்
ஒன்றரை வருஷம்கூடப் பொறுக்கணுமாம்.
"ஜாதி தெரியாட்டி போகுது.
உங்ககிட்டதான் தராசு இருக்கே.
நாலு வாரம் முள் ஒரே இடத்துல நிக்குதான்னு பாருங்க."

ஜாதியைக் கேட்டுவிட்டு
அது வேண்டாம், தராசு போதும் என்ற ஆளை
அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

பதினெட்டு நானூறு.
பதினெட்டு ஐந்நூறு.
பதினெட்டு நானூறு.
நாலாவது சனிக்கிழமை
மூட்டையோடு வரிசையில் நின்ற பாவாயி கத்தினாள்,
"பழத்த நிறுக்கச் சொன்னா
நாய நிறுக்கறீங்க, எப்பத்தான் நான் வூட்டுக்குப் போறது?"
முள் கொஞ்சம் நடுங்கி நின்றது.
பதினெட்டு நானூறு.

புதுசு கால், பழசு முக்கால்.
முதல் மூன்று நாள் அப்படித்தான் கலக்கச் சொன்னார்.
பழம் பறிப்பவர்களின் காலடியில் வளர்ந்த உடம்பு.
செடியில் பச்சையை விட்டுச் சிவப்பைக் கிள்ளுவதுபோல
பெரிய உருண்டைகளை ஒதுக்கி
சின்னதை மட்டும் தின்றுவிட்டு
மீதியைச் சாக்குக்கு அடியில் தள்ளி வைத்தது.
வெந்நீர் தெளித்துப் பிசைந்தேன்.
வேறு வழியில்லாமல் தின்றது.

பாதிக்குப் பாதி வந்தபோது வயிறு இளகியது.
விடியற்காலை ஐந்து மணி, பனிமூட்டம்,
சில்வர் ஓக் அடியில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன்.
எனக்குக் கல்யாணமாகவில்லை,
யாருடையதையும் இவ்வளவு அக்கறையாக
இதுவரை பார்த்ததில்லை.
பின்வாங்கி இரண்டு நாள் கால்.
பிறகு அரை.
பிறகு முக்கால்.
பன்னிரண்டாம் நாள்
தட்டில் புதுசு மட்டும்.
தின்றுவிட்டுத் தட்டைப் புரட்டிப் போட்டது, எப்போதும்போல.

பழைய பையில் இரண்டு கை அள்ளும் அளவு மிச்சம்.
ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்திருந்தேன்.
"எங்கூட்ல ஒண்ணு ஈனிருக்குது" என்று
பாவாயி வாங்கிக்கொண்டு போனாள்.

இனி நிறுக்கத் தேவையில்லை.
அது சீட்டுக்கு யார் சொல்வது?
சனிக்கிழமை மணியடித்ததும்
தானாக மேடையேறி உட்கார்ந்துகொண்டது,
இறக்கினால் மறுபடி ஏறியது.
பொறுமையிழந்த பாவாயி
அதன் பக்கத்திலேயே மூட்டையைத் தொப்பென்று போட்டாள்.
"நாயக் கழிச்சுட்டு எழுதுங்க சாமி."

நாற்பத்திரண்டு அறுநூறு.
முள்ளைத் திரும்பப் பார்க்காமலே
பதினெட்டு நானூறைக் கழித்தேன்.
இருபத்துநாலு இருநூறு
என்று அவள் பேரில் எழுதி
சீட்டைக் கிழித்து
கொஞ்சம் உயரத் தூக்கிக் கொடுத்தேன்.