பெறப்பட்டது

கரண்ட் பில் கட்டியாச்சா என்று வீட்டில் கேட்டால்
ஆச்சு என்கிறேன்.
ஆகவில்லை.
மண்டைக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது,
ராத்திரி கட்டிவிடுவேன்.
இந்தப் பழக்கத்தைத்தான்
சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்தெருவில்,
ஒரு மாடி அறையில் உட்கார்ந்து
பால் கணக்குக்கும் நிரலாக எழுதிக் கொடுத்தேன்.

காலை ஐந்தே முக்கால்.
ஒடுகத்தூர், ஊசூர், அணைக்கட்டு, பள்ளிகொண்டா,
இருநூற்றுப் பதினெட்டு மையங்களில்
ஒரே நேரத்தில் கேன் திறக்கும்.
ஆள் எண், லிட்டர், கொழுப்பு.
டேட்டாபேஸ் ஒற்றைப் பேனா வைத்திருக்கும் குமாஸ்தா:
ஒரு வரி எழுதி, மூடி, தலைநிமிர்வதற்குள்
மெஷின் முன்னால் நாற்பது பேர்.
கறந்த சூடு ஆறிக்கொண்டிருக்கும்.

அதனால் முதலில் கேஷில் போடு.
'பதிவானது' என்று சீட்டை அச்சடி.
அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.
பின்னால் வரிசை; வரிசையின் தலைமாட்டில் ஒரு வொர்க்கர்,
ஐந்து வினாடிக்கு ஒருமுறை
கைக்கு வந்ததை வாரி வட்டில் எழுதுவான்.
கொழுப்பை மூன்று தடவை திருத்தியிருந்தால்
கடைசித் திருத்தம் மட்டும் போகும்.

இன்னும் வட்டில் ஏறாத வரிக்கு
எங்கள் தொழிலில் அழுக்கு என்று பெயர்.
நுரை அடங்காத பாலை
அழுக்கு என்று குறித்துவைத்தவன் நான்.

குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வரும் நௌஷீன்
முதல் வாரமே சொன்னாள்:
"பாலாறு மேலே காய்ஞ்சிருக்கும், தோண்டினா ஈரம்.
உங்களோடது மேலே ஈரம்.
தோண்டிப் பாத்தீங்களா?"
சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

மே பதினாறு.
எங்கோ ஒரு மையத்தில்
நாலு புள்ளி பூஜ்யத்துக்குப் பதிலாக
நாலு புள்ளி ஆங்கில ஓ.
வொர்க்கர் அதை விழுங்கப் பார்த்தான், துப்பினான்,
மறுபடி எடுத்தான், மறுபடி துப்பினான்.
அவனுக்குப் பின்னால் மொத்த ஜில்லாவின் பாலும் நின்றது.
ஆறு பதினொன்றுக்கு மெமரி நிரம்பி
கேஷ் தானாக அணைந்து, தானாக எழுந்தது.
எழுந்தபோது அதற்கு ஒன்றும் ஞாபகமில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு வரி.

ஒடுகத்தூர் காஞ்சனா, ஆள் எண் எழுபத்தேழு,
சீட்டை மொபைல் உறைக்குள் வைத்திருந்தார்.
வேலூர் வெயிலில் தாள் பாதி கருத்துவிட்டது.
ஆறு லிட்டர் இருநூறு தெரிந்தது,
கொழுப்பு தெரியவில்லை,
'பதிவானது' மட்டும் பளிச்சென்று.
"இதுல போட்டிருக்கே தம்பி,
எங்க பதிவாச்சு?"

ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல்
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு செய்தவை சாதாரணம்.
கேஷுக்கு முன்னால் ஒரு நோட்டு,
வந்ததை வந்தபடி கிறுக்கி வைக்க.
மூன்று தடவை துப்பிய வரிக்குத் தனி மூலை.
ஒரே பால் இரண்டு தடவை ஏறாமலிருக்க
ஒவ்வொரு ஊற்றுக்கும் ஓர் எண்.
எல்லாம் நௌஷீன் எழுதியது.
நான் மாற்றியது சீட்டில் ஒரு சொல்.
'பதிவானது' எடுத்துவிட்டு 'பெறப்பட்டது'.
வட்டில் ஏறிய பிறகுதான்
'பதிவானது' எஸ்.எம்.எஸ்ஸாகப் போகும்.

மறுநாள் ஆறு மணிக்குக் காஞ்சனா.
"பெறப்பட்டதுன்னு வருது."
"ஆமாங்க. பதிவானது கொஞ்ச நேரத்துல வரும்."
"வர்ற வரைக்கும் நிக்கட்டுமா?"

யாரும் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான்
இத்தனையும் கட்டினோம்.
அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
திரையில் வரிசையின் நீளம்
இருநூற்றுப் பதினான்கு, இருநூற்று ஒன்பது,
நூற்றுத் தொண்ணூறு.
"ஒரு நிமிஷம் இருங்க," என்றேன்.
அவர் பக்கம் ஒரு மாடு கத்தியது.
நானும் நின்றேன்.