நாற்பத்தொரு அட்டைகள்

கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து.
அட்டைக்கு நாலு காசு.
டூரின் நகரில், தோரா ஆற்றங்கரையில்,
கண்ணாடிக் கூரை போட்ட படக்கொட்டகையின் பின்னறையில்
நான் எழுதியதெல்லாம்
ஓரெஸ்தெ வாலியெந்தி பேசாத பேச்சு.

திரையில் அவன் பெயர் த்ரொத்தோலா.
பம்பரம் என்று அர்த்தம்.

முதல் படத்துக்கு மூன்றே அட்டை:
"காலை."
"வீட்டுக்காரி வாடகை கேட்கிறாள்."
"மாலை."
நடுவில் இருந்த பகல் முழுவதையும்
அவன் முழங்கால்களே சொல்லிவிட்டன.
ஏணியோடு விழுந்தான்.
பாண்டுக்காரனின் பெரிய குழலுக்குள் விழுந்தான்.
ஆயர் ஒருவரின் மடியில் விழுந்து
மன்னிப்புக் கேட்கக் குனிந்து
மறுபடி விழுந்தான்.
மேலிருந்து கீழே வரும் அந்த அரை நொடியில்
தொப்பியைச் சரிசெய்துகொள்ள
அவனுக்கு நேரம் இருந்தது.

ஒதெஸ்ஸாவில் அவனுக்கு வேறு பெயர், லிஸ்பனில் வேறு.
சிவப்பு மோட்டார் ஒன்று வாங்கினான்.
படத்தில் அது சாம்பலாகத் தெரிந்ததற்கு
ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.
(பேசினாலும் எனக்கு வேலையில்லை.)

பிறகு போர். ஐசோன்சோ ஆற்றங்கரை.
ஒரு குண்டு பக்கத்தில் விழுந்தது.
கை போகவில்லை, கால் போகவில்லை.
காதுக்குள்
கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி ஏதோ இருக்கிறதாம்,
அது போய்விட்டது.

திரும்பி வந்து, அதே ஏணியில் ஏறி,
விழுந்தான்.
வலது தோள் முதலில், முகம் அப்புறம்.
கேமராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவன்
சுற்றுவதை விட்டுவிட்டு ஓடினான்.
அதற்கு முன்னால்
யாரும் ஒருமுறைகூட ஓடியதில்லை.

"எழுத்தைக் கூட்டு," என்றார் இயக்குநர்.
கூட்டினேன்.
"ஐயோ, மறுபடி இந்தப் படிக்கட்டா!"
"பாருங்கள், நம் நண்பர் தடுமாறுகிறார்!"
"சீமாட்டியே, சிரிப்பு வரவில்லையா?"
கடைசிப் படத்துக்கு நாற்பத்தொரு அட்டை.
அந்தக் கூலியில்தான்
குளிருக்கு இந்த மேலங்கி எடுத்தேன்.
நல்ல துணி. இன்னும் கிழியவில்லை.

கொட்டகையை மூடினார்கள்.
படச்சுருள்களைக் கிலோக் கணக்கில்
சீப்பு செய்கிறவன் எடுத்துப்போனான்.

மூன்று குளிர்காலம் கழித்துச் சந்தைச் சதுக்கத்தில் பார்த்தேன்.
தரையெல்லாம் உறைந்து கிடந்தது.
விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
ட்ராம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான்.
ஆரஞ்சு விற்கிறவன் யாரோ
"த்ரொத்தோலா!" என்று கத்தினான்.

தொப்பியைத் தூக்க ஒரு கை வேண்டும்.
கம்பத்தைப் பார்த்தான்.
கூப்பிட்டவனைப் பார்த்தான்.

அதற்குள் ட்ராம் குறுக்கே வந்து நின்றது.
குடையை மடக்கத் தெரியாத ஒரு பாதிரியாரை
நிதானமாக ஏற்றிக்கொண்டு போனது.

அந்தப் பக்கம் அவன் நின்றிருந்தான்.
தொப்பி தலையில் நேராக இருந்தது.
வலது தோளில்
பனி.