மிச்சக் காசு

பதினோராம் கட்டில் பூபாலபிள்ளையிடம்
இரண்டு கையையும் நீட்டச் சொல்கிறேன்,
பஸ்ஸை மறிப்பதுபோல.
விரல்கள் படபடவென்று அடிக்கின்றன.
"இந்த இடத்தில தரிப்பில்ல"
சினக்கிறார்.
முப்பத்தொரு வருஷம்
அக்கரைப்பற்று - மட்டக்களப்பு பஸ்ஸில் டிக்கட் கிழித்தவர்.

ஈரல் குழப்பினால் கை இப்படி அடிக்கும்.
கை அடிக்காத நாளிலும் குழம்புவார்,
அது வேறு வருத்தம்.
எது எங்கே முடிகிறதென்று
டொக்டர் என்னைக் கேட்கிறார்.

இன்றைக்கு என்ன கிழமை, சனாதிபதி யார்,
அந்தக் கேள்விகளை விட்டுவிட்டேன்.
"கல்முனையால வாறம், அடுத்தது?"
"பாண்டிருப்பு. மருதமுனை."
பிறகு மருதமுனை.
பிறகும் மருதமுனை.
பஸ் அங்கேயே நிற்கிறது.

இனிப்புப் பாணி முப்பது மில்லி, மூன்று வேளை.
வயிறு கழியவேண்டும், அதுதான் வைத்தியம்.
இரவு இரண்டு மணிக்கு
விரிப்பு மாற்றப் புரட்டுகிறேன்.
கட்டில் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டு
"உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க,
பின்னால இடமிருக்கு" என்கிறார் எனக்கு.

குடிகாரன் என்று சிற்றூழியர் முணுமுணுத்தது
நேசம்மாவின் காதில் விழுந்துவிட்டது.
"ஒரு சொட்டும் தொட்டதில்ல மனே,
சீனி வருத்தம்தான் ஈரல்ல ஏறினது."
டியூட்டி மாறுகிற ஒவ்வொரு நேர்ஸிடமும்
இதைச் சொல்லிவிட்டுத்தான்
கஞ்சிக் கோப்பையைத் திறப்பாள்.
உப்பில்லாத கஞ்சி.

நாலாம் நாள் கை அசையவில்லை.
மருதமுனை தாண்டி, பெரியநீலாவணை தாண்டி,
கல்லாற்றுப் பாலமும் கடந்து
"களுவாஞ்சிகுடி ஆசுப்பத்திரி எல்லாம் இறங்கு!"
வார்டே சிரித்தது.
நானும்.

அப்போதுதான் அவள் வந்தாள்.
ஏற இறங்கப் பார்த்தார்.
"எங்க இறங்கிற?"

மருந்து திருப்பித் தருவது இவ்வளவுதான் என்று
அவளுக்கு எப்படிச் சொல்வதென்று நான் தேடுவதற்குள்
முந்தானை முடிச்சை அவிழ்த்து
நூறு ரூபா நீட்டினாள்.
நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் செருகிக்கொண்டார்,
நடுக்கமேயில்லாமல்.
"மிச்சம் இறங்கக்குள்ள தாறன்."

நோயாளியிடம் காசு இருக்கக்கூடாது.
அவர் தூங்கியபின் எடுத்துக்கொடுத்தேன்.
வாங்கவில்லை.
"வச்சிரட்டும் மிஸி,
எனக்கு மிச்சம் வரவேணும்."

தாளை விரலிடுக்கில் திரும்பச் செருகினேன்.
குறிப்பில் எழுதினேன்:
கை நடுக்கம் இல்லை. வயிறு மூன்று தரம் போனது.
ஒன்பது மணிப் பாணியை
அளக்கத் தொடங்கினேன்.